பழைய அனலிடிக்ஸ் தரவை மாற்றித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிப் பருப்புக் கடை நடத்துகிறோம். பண்ருட்டிப் பக்கம் வாங்கித் தரம் பிரித்து விற்பது அப்பா காலத்துத் தொழில். 2017இல் அதற்கு இணையதளம் தொடங்கியது நான். யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து, எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்பதை ஆறு தீபாவளிகளாகக் கூகுள் அனலிடிக்ஸில் பார்த்து வந்தேன். டபிள்யூ 240 என்ற பெரிய பருப்பைத் தேடும் சிங்கப்பூர்க்காரர்கள் பண்டிகைக்கு ஐந்து வாரம் முன்பே வந்துவிடுவார்கள். பெங்களூரிலிருந்து வருபவர்கள் கடைசிப் பத்து நாளில்தான் எட்டிப் பார்ப்பார்கள். அதிலும் பலர் பாதிப் பருப்புதான் தேடுவார்கள். எவ்வளவு சரக்கு பிடிப்பது, பரிசுப் பெட்டியை எப்போது அச்சுக்குக் கொடுப்பது எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அந்த ஆறு ஆண்டுக் கணக்கு இன்று என்னிடம் இல்லை.

யுனிவர்சல் அனலிடிக்ஸ் என்ற பழைய அமைப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதியாது, எல்லோரும் ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸ் 4) என்ற புதிய அமைப்புக்கு மாற வேண்டும் என்று கூகுள் 2022 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. நான் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டேன். 2023 மே மாதம் புதுச்சேரியில் இயங்கும் ஒரு டிஜிட்டல் விளம்பர நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கே வந்தார். “பழைய தரவு முழுவதையும் புதியதில் ஏற்றித் தந்துவிடுகிறோம் அண்ணா, ஓர் எண் கூட விடுபடாது” என்றார். மொத்தம் 38,000 ரூபாய். அதில் ‘பழைய தரவு இடமாற்றம்’ என்று தனி வரியாக 15,000.

அப்படி ஓர் இடமாற்றமே கிடையாது. பழைய அமைப்பு ஒவ்வொரு வருகையையும் அலகாகக் கொண்டு எண்ணியது. ஜிஏ4 ஒவ்வொரு செயலையும் தனி நிகழ்வாக எண்ணுகிறது. பழையதன் வரலாற்றைப் புதியதற்குள் கொண்டுவர கூகுள் வழியே வைக்கவில்லை. வேண்டிய அறிக்கைகளை எக்ஸெல் கோப்புகளாக இறக்கி வைத்துக்கொள்ள முடியும், அதற்கு 2024 ஜூலை 1 வரை அவகாசமும் இருந்தது. என் கடைக்கு அது இரண்டு மாலை நேர வேலை. இதை அவர்கள் ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்ட போதெல்லாம், “மெல்ல மெல்ல ஏறும், அண்ணா” என்ற பதில்தான் வந்தது. 2024 ஆகஸ்டில் சரக்குக் கணக்குப் போட உட்கார்ந்தபோது பழைய கணக்கு திறக்கவே இல்லை.

இதற்கு முன்பே ஒரு நஷ்டம். 2023 அக்டோபரில் பரிசுப் பெட்டிப் பக்கத்தின் பார்வைகள் முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்கு காட்டின. மகிழ்ந்துபோய் 300 கிலோ கூடுதலாக வாங்கினேன். ஆர்டர்கள் வழக்கம் போலத்தான் வந்தன. தங்கை மகன் பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்னான்: கண்காணிப்புக் குறிநிரலை இணையதளத்தில் நேரடியாக ஒரு முறை, இத்தகைய குறிநிரல்களைத் தளத்தில் சேர்க்க உதவும் டேக் மேனேஜர் என்ற கூகுள் கருவி வழியாக இன்னொரு முறை என்று இரு இடங்களில் பொருத்தியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பார்வை. மிஞ்சிய பருப்பில் காறல் வாடை ஏறத் தொடங்கும் முன் அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன்.

சரிசெய்யலாம் என்று உள்ளே போனால், புதிய கணக்கே அவர்களுடைய மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தது. எனக்குப் ‘பார்வையாளர்’ அனுமதி மட்டும். என் கடையின் கணக்கில் எதையும் தொட எனக்கு உரிமையில்லை! நிர்வாகி அனுமதி கேட்டதற்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொன்னார்கள். ஒரு மின்னஞ்சல் முகவரியை நிர்வாகியாகச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும்.

தரவு சேமிப்புக் காலத்தையும் அவர்கள் தொடவில்லை. விரிவான ஆய்வு அறிக்கைகளுக்கு ஜிஏ4 தானாக வைத்திருப்பது இரண்டு மாதத் தரவு. இலவசக் கணக்கிலேயே அதை 14 மாதமாக மாற்றலாம். அழிந்த பிறகு மாற்றினால் பழையது திரும்பாது. அதனால் 2023 தீபாவளியை 2024உடன் நுணுக்கமாக ஒப்பிடவும் வழியில்லாமல் போயிற்று.

உங்கள் கடைக்கும் வெளியாள் யாராவது இதை அமைத்துத் தந்திருந்தால், இன்றே நிர்வாகப் பகுதியில் உங்கள் பெயருக்கு எதிரே ‘நிர்வாகி’ என்று இருக்கிறதா, சேமிப்புக் காலம் 14 மாதமா என்று பாருங்கள். உங்கள் தளத்தை நீங்களே ஒரு முறை திறந்து, நிகழ்நேர அறிக்கையில் ஒரு பார்வைதான் விழுகிறதா என்றும் பாருங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.

நான் இப்போது என் மின்னஞ்சலிலேயே புதுக் கணக்குத் தொடங்கிவிட்டேன். பழைய ஆர்டர் மின்னஞ்சல்களையும் கூரியர் ரசீதுகளையும் வைத்து, 2017 முதல் எந்த ஊருக்கு எந்த வாரம் எவ்வளவு போனது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்கியவர்களின் கணக்கு இப்படிக் கிடைத்துவிடும், பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களின் கணக்கு கிடைக்காது. அந்த 15,000 ரூபாய் வரி உள்ள பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதி வருகிறேன். கடலூர், புதுச்சேரி வணிகர்கள் யாரிடமாவது இதே வரியுள்ள பில் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தெரிவியுங்கள்.