நிஜப் பந்து, தொலைதூர ரோபோ: மினி கோல்ஃப் செயலிகளில் எது தேறும்?

பந்து குழியின் விளிம்புவரை உருண்டுபோய் நின்றுவிட்டது. விழவும் இல்லை, விலகவும் இல்லை. கைபேசியைச் சாய்த்துப் பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், திரையில் ஊதியும் பார்த்தேன். பத்து வினாடி கழித்து, படத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. நீல முழுக்கைச் சட்டை. அந்தக் கை பந்தை எடுத்துத் தொடக்கக் கோட்டில் வைத்துவிட்டு மறைந்தது. "இந்த அடி செல்லாது" என்று எழுத்து ஓடியது.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரவு முழுக்க மனதில் நின்றது அந்த விளிம்புப் பந்துதான். கணினி கணக்குப் போட்டு உருட்டும் ஆட்டத்தில் எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன், ஒன்றுகூட நினைவில்லை. எங்கோ ஓர் அறையில் நிஜமாகவே ஒரு பந்து தயங்கி நிற்கிறது என்ற எண்ணத்துக்கு ஒரு தனி ருசி இருக்கிறது. எங்கோ இருக்கும் ரோபோ நம் கட்டளைப்படி நிஜப் பந்தை அடிக்க, அதைக் கைபேசியில் நேரலையாகக் காட்டும் இந்த வகைச் செயலிகள் விற்பது அந்த ருசியைத்தான். அதை எது ஒழுங்காகத் தருகிறது என்பதுதான் கேள்வி.

"கைபேசியிலிருந்து நிஜ ரோபோவை ஆட்டுங்கள்" என்று வரும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். அங்கேயே கோளாறு தொடங்குகிறது. உள்ளே இரண்டு ரகம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

முதலாவது, ஓட்டும் ரகம். திரையில் ஜாய்ஸ்டிக் இருக்கும். சக்கரம் வைத்த சின்ன ரோபோவை ஓட்டிக்கொண்டுபோய், பந்துக்குப் பின்னால் நிறுத்தி, தள்ளவோ அடிக்கவோ வேண்டும். இரண்டாவது, குறிவைக்கும் ரகம். ரோபோ பந்துக்கு அருகில் நின்றுகொண்டிருக்கும். திசையையும் வேகத்தையும் நாம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். வன்ஷாட் கோல்ஃப் செயலி போகும் வழியும் இதுதான்: குறி நம்முடையது, நிஜப் பந்தை அடிப்பது இயந்திரம்.

விளம்பரப் படத்தில் முதலாவதுதான் கவர்ச்சியாகத் தெரியும். நானும் அதில்தான் விழுந்தேன். ஆனால் விளையாட உட்கார்ந்தால் தாமதம் என்ற பூதம் கிளம்பிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். இணையத்தைச் சுமக்கும் ஒளியிழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. வேகத்தில் போகும். ரோபோ 10,000 கி.மீ. தள்ளி இருந்தால், நம் கட்டளை போய்ச் சேர்ந்து படம் திரும்பி வருவதற்குக் குறைந்தது 100 மில்லிவினாடி. இது இயற்கை வாங்கும் வரி, எந்த நிறுவனமும் இதில் தள்ளுபடி தர முடியாது. இதற்குமேல் கேமரா படத்தைச் சுருக்க ஒரு நேரம், நம் வைஃபை மூச்சு வாங்க ஒரு நேரம், கைபேசி படத்தை விரிக்க ஒரு நேரம். எல்லாம் சேர்ந்து கால் வினாடியைத் தொட்டுவிடுவது சர்வசாதாரணம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ அந்தக் கால் வினாடிக்குள் 25 செ.மீ. போயிருக்கும். கோல்ஃப் குழியின் விட்டமே 10.8 செ.மீ.தான். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ரோபோ, உண்மையில் இரண்டு குழி அகலத்துக்குமேல் தள்ளிப் போய்விட்டது. பந்துக்குப் பின்னால் நிறுத்துகிறேன் என்று பந்தை இடித்துத் தள்ளிவிடுவது இதனால்தான். கைப்பழக்கம் போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

குறிவைக்கும் ரகத்தில் இந்தப் பூதத்துக்கு வேலையே இல்லை. பந்து அசையாமல் கிடக்கிறது. படம் இரண்டு வினாடி பிந்தி வந்தாலும் அது அதே இடத்தில்தான் கிடக்கும். யோசித்து, குறிவைத்து, அழுத்தலாம். தொலைவிலிருந்து விளையாடுவதற்கென்றே யாரோ செய்துவைத்த விளையாட்டு மாதிரி இருக்கிறது கோல்ஃப்.

தொலைதூர ரோபோ சங்கதியே தொடக்கத்திலிருந்து இப்படிப் பொறுமையான வேலைகளில்தான் பிழைத்திருக்கிறது. 1994-ல் ரோபோ ஆய்வாளர் கென் கோல்ட்பர்க்கும் அவர் குழுவினரும் இணையத்தில் வைத்த மெர்குரி புராஜெக்டில், ரோபோக் கை காற்றை ஊதி மணலில் புதைந்த பொருள்களை வெளிக்கொண்டுவரும். 1995-ல் டெலிகார்டன் வந்தது: முன்பின் தெரியாதவர்கள் இணையம் வழியாக ஒரு நிஜத் தோட்டத்தில் விதை போட்டார்கள், தண்ணீர் விட்டார்கள். அடுத்த ஆண்டு அது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலுள்ள ஆர்ஸ் எலெக்ட்ரானிகா மையத்துக்கு இடம்பெயர்ந்து 2004 வரை அங்கே ஓடியது. மோடம் கீச்சிட்ட காலம் அது. படம் வரத் தாமதமானால் என்ன, செடிக்கு அவசரம் இல்லையே.

ஆகவே இரண்டில் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிவைக்கும் ரகம். ஆனால் அதிலும் நல்லது கெட்டது உண்டு. பார்க்க வேண்டிய இடம், அடி எவ்வளவு ஒரே சீராக விழுகிறது என்பது.

குழியின் நடுவை நோக்கிச் சரியாக வந்தாலும், பந்தின் வேகம் வினாடிக்குச் சுமார் 1.6 மீட்டரைத் தாண்டிவிட்டால் அது குழிக்குமேல் பறந்து போய்விடும். கோணல் கொஞ்சம் கூடினால் இன்னும் மெதுவாக வர வேண்டும். இவ்வளவு நுணுக்கமான விஷயத்தில், திரையில் நான் 60 சதவீத வேகம் வைத்தால் ரோபோ இன்றைக்கும் நாளைக்கும் அதே 60-ஐ அடிக்க வேண்டும். ஊசல் மாதிரி மட்டையைத் தூக்கிவிடும் ரோபோ இதில் நம்பகமானது. புவியீர்ப்பு ஒருநாளும் களைத்துப்போவதில்லை. மோட்டாரையே நம்பி அடிக்கும் ரோபோவில், பேட்டரி இறங்க இறங்க அடியும் சோர்ந்துபோகலாம். நல்ல வடிவமைப்பு இதை ஈடுகட்டிவிடும், மலிவானது விட்டுவிடும். செயற்கைப் புல் ஒரு பக்கமாகப் படிந்திருந்தால் பந்து அந்தப் பக்கம் இழுக்கும். இது ஆட்டத்தின் அழகு, குறை சொல்லமாட்டேன். அந்தப் படிவைக் காட்டும்படி கேமராவைத் தாழ வைக்காமல், மேலிருந்து மட்டும் காட்டுகிறார்களே, அதைக் குறை சொல்வேன்.

நிஜத் தரை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு சாட்சி. ஜெர்மனியின் பாடர்போர்ன் பல்கலைக்கழகத்தில் கோல்ஃபி என்றொரு ரோபோ செய்தார்கள். 2022-ல் அதைப் பற்றிய செய்திகள் வந்தன. மேலிருந்து கேமரா தரையைப் பார்க்கும், கணினிக்குள் 3,000 அடிகளை அடித்துப் பழகிய செயற்கை நரம்பு வலையமைப்பு (பழகிப் பழகிக் கற்கும் கணினி நிரல்) எப்படி அடிப்பது என்று முடிவெடுக்கும். ஆய்வகத்திலேயே பத்துக்கு ஆறேழுதான் குழிக்குள் போனது. மனிதத் தலையீடே இல்லாத இயந்திரத்துக்கே இந்தக் கதி என்றால், நம் பந்து இரண்டு முறை வழிமாறிப் போனதற்கு நாம் கைபேசியை வீசத் தேவையில்லை. (பந்து போகும் பாதையைப் புள்ளிக்கோடாக வரைந்து காட்டும் உதவி வசதி சில ஆட்டங்களில் இருக்கிறது. அணைத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஆடினால் பொத்தானை அழுத்தும் கூலியாள் ஆகிவிடுவோம்.)

சரி, நிஜப் பந்தே வேண்டாம் என்பவர்களுக்கு? திரைக்குள்ளேயே முடிந்துபோகும் ஆட்டங்கள் ஏராளம். இளக்காரமாகப் பேச வரவில்லை. 2017-ல் வந்த கோல்ஃப் கிளாஷில் உண்மையான பந்து ஒன்றுகூடக் கிடையாது. அதைச் செய்த பிளேடெமிக் நிறுவனத்தை 2021-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 140 கோடி டாலருக்கு வாங்கியது. மினி கோல்ஃபில் 2020-ல் வந்த வாக்அபவுட் மினி கோல்ஃப், மெய்நிகர் (VR) தலைக்கவசம் மாட்டி ஆடுவது, பந்து உருளும் விதத்தில் என்னையே ஏமாற்றியிருக்கிறது. வரிசை கிடையாது, பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்ற அறிவிப்பு கிடையாது, நீலச் சட்டைக் கையும் கிடையாது.

வரிசை என்றேனே, நிஜ ரோபோ ஆட்டத்தின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. குறிவைக்க, அடிக்க, பந்து குழாய் வழியாகத் திரும்பிவர எல்லாம் சேர்த்து ஓர் அடிக்கு 40 வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரோபோ மணிக்கு 90 அடிதான் தரும். பத்தாயிரம் பேர் வந்தால் கணினி ஆட்டத்துக்கு இன்னொரு சர்வர் போதும். இங்கே இன்னோர் அறை, இன்னொரு விரிப்பு, இன்னொரு பணியாள் வேண்டும். அதனால்தான் ஓர் அடிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்கிறார்கள், பரிசு காட்டி இழுக்கிறார்கள். பரிசு வந்ததும் எனக்குக் கொஞ்சம் உதறல் எடுக்கும். குழந்தைகள் கையில் இருக்கும் கைபேசி என்றால் செலவு வரம்பு போட்டுவிட்டே கொடுங்கள்.

பரிசு ஆட்டத்தின் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் பொம்மை தூக்கும் இயந்திரங்களைப் பாருங்கள். ஜப்பானின் டோரேபா போன்ற செயலிகளில் நிஜக் கொக்கியைத் தொலைவிலிருந்து நகர்த்தி, கிடைத்ததை வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆனால் கொக்கி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது நடத்துபவர் கையில். கோல்ஃப் ரோபோவில் பந்தை இறுகப் பிடிக்கவோ நழுவவிடவோ யாரும் இல்லை. திறமைக்கு இடம் எங்கே அதிகம் என்று கேட்டால் என் ஓட்டு கோல்ஃபுக்குத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அவ்வளவாகப் பேசப்படாதது: ரோபோவை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவது. 2017-ல் வந்த ஸ்ஃபீரோ மினி என்ற உருண்டை ரோபோ சுமார் 42 மி.மீ. விட்டம். விதிப்படியான கோல்ஃப் பந்து குறைந்தது 42.67 மி.மீ. இந்தப் பொருத்தம் அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது போல, கோல்ஃப் பந்துத் தோற்றத்திலேயே ஒன்றை விற்றார்கள். இங்கே ரோபோ பந்தை அடிப்பதில்லை, பந்தே ரோபோ. ப்ளூடூத்தில் ஓடுவதால் தாமதம் பெரிதாகத் தெரியாது, வரிசை இல்லை, புத்தகங்களை அடுக்கி நாமே தடங்கல் கட்டலாம். மாரியோ கார்ட் லைவ் 2020-ல் செய்ததும் இதே தந்திரம்தான், கேமரா வைத்த நிஜப் பொம்மைக் காரை வீட்டுத் தரையில் ஓடவிட்டது. ஓட்டும் ரகம் எடுபடும் ஒரே இடம் வீடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே குறை, விளிம்பில் நிற்கும் பந்தை நம் கையாலேயே தட்டிவிடலாம் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பதைப்பு பாதி போய்விடும்.

என் வரிசை இது: தினமும் பத்து நிமிடம் ஆட, திரைக்குள்ளான ஆட்டம். குழந்தைகளோடு ஒரு மாலை என்றால் உருண்டை ரோபோ. மாதத்தில் ஓரிரு இரவு நெஞ்சு படபடக்க வேண்டுமென்றால், குறிவைக்கும் ரகத் தொலைதூர ரோபோ. தொலைவிலிருந்து ஓட்டும் ரகத்தை ஒருமுறை வேடிக்கைக்குத் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவே.

காசு கட்டும் முன் ஐந்து நிமிடம் சும்மா பார்வையாளராக உட்காருகிறேன். இருவர் அடுத்தடுத்து ஏறக்குறைய ஒரே வேகம் வைத்தால் பந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். பொத்தானை அழுத்தியதற்கும் மட்டை அசைவதற்கும் இடையில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பேன். பந்து எங்காவது சிக்கிக்கொண்டால், அந்தக் கை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதையும்.