கொதிப்பு அடங்கும் இடம்: ஹீலியம் கிரையோஸ்டாட்டுடன் பல வருஷம்

பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் பல வருஷமாகத் திரவ ஹீலியம் கிரையோஸ்டாட்டோடுதான் (திரவத்தைக் கடுங்குளிரிலேயே வைத்திருக்கும் கலன்) என் வேலை. லீவில் மண்டபம் வரும்போது இயற்பியல் படிக்கிற ஊர்ப் பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

வெளியே 77 கெல்வினில் திரவ நைட்ரஜன், உள்ளே 4.2 கெல்வினில் ஹீலியம். மேலிருக்கும் ஆவியைப் பம்ப் உறிஞ்ச உறிஞ்ச வெப்பநிலை இறங்கும், திரவம் தளதளவென்று கொதிக்கும். 2.17 கெல்வினைத் தொட்டதும் கொதிப்பு சட்டென்று அடங்கிவிடும். கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே திரவம் இருப்பதே தெரியாது. எனக்கு இன்றுவரை அலுக்காத காட்சி. ஆவியாவது நிற்பதில்லை, வெப்பம் ஓரிடத்தில் தங்காமல் மேற்பரப்புக்கு ஓடிவிடுவதால் குமிழிக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் 1941இல் சொன்ன விளக்கம்தான் அன்றாடம் கைகொடுக்கிறது: 2.17க்குக் கீழே ஹீலியம், சாதாரணப் பகுதியும் மீப்பாய்மம் என்ற உராய்வில்லாத பகுதியும் கலந்ததுபோல நடந்துகொள்ளும். உள்ளே ஒரு ஹீட்டரை வைத்தால், வெப்பத்தைச் சுமக்கும் சாதாரணப் பகுதி அதை விட்டு விலகி ஓடும். மீப்பாய்மம் அதே நேரத்தில் ஹீட்டரை நோக்கி வரும். ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மீப்பாய்மத்தில் நுண்ணிய சுழல் இழைகள் முளைத்துச் சிக்கலாகப் பின்னிக்கொள்ளும். இந்தக் கொந்தளிப்பை 1957இல் வைனன் என்ற இயற்பியலாளர் அளந்து காட்டினார். எங்கள் கருவியிலும் அதே முறைதான்: வெப்பமே அலையாகி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் போகும் 'இரண்டாம் ஒலி' எவ்வளவு தேய்கிறது என்று பார்த்து இழைகளின் அடர்த்தியைக் கணக்கிடுவோம். கொந்தளிப்பு வந்தபின் வெப்பநிலைச் சரிவு வெப்ப ஓட்டத்தின் மும்மடியாக ஏறும். ஓட்டம் இரட்டித்தால் சரிவு எட்டு மடங்கு! குறுகலான குழாய் வழியாக எதையாவது குளிர்விக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். வசதியான வெப்பநிலை 1.9 கெல்வின் பக்கம். ஜெனீவாவின் எல்.எச்.சி. என்ற துகள் முடுக்கியின் காந்தங்களும் அங்கேதான் ஓடுகின்றன.

குறை என்றால் செலவு. 2.17க்கு இறங்குவதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரவம் ஆவியாகிவிடும். விசைப்படகு வைத்திருக்கும் மாமா, "அவ்வளவு குளிர்னா ஐஸை விட ரொம்ப நாள் தாங்கணுமே, மாப்ளே?" என்றார். இல்லை மாமா. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது வாங்கும் வெப்பத்தில் பதினாறில் ஒரு பங்குதான் ஒரு கிலோ ஹீலியம் ஆவியாக வாங்கும். 4.2 கெல்வினில் ஒரு வாட் வெப்பம் உள்ளே கசிந்தாலே மணிக்கு 1.4 லிட்டர் காலி.

அப்புறம், கசிவு. வெளியே வாங்கிப் போட்ட ஓர் இணைப்பு நைட்ரஜனில் தேறியது, 4.2இலும் தேறியது. 2.17க்குக் கீழே போனதும் வெளிவெப்பத்தைத் தடுக்கும் வெற்றிட உறைக்குள் ஹீலியம் வந்துவிட்டது. உராய்வில்லாத திரவத்துக்கு எந்த நுண்துளையும் வாசல்தான். விற்றவர்கள் கடைசிவரை நம்பவில்லை. இண்டியம் என்ற மென்மையான உலோகத்தின் கம்பியை வளையமாக வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். அதன்பின் அந்த இடத்தில் தொல்லை இல்லை.