க்ளவுன் இன் எ கார்ன்ஃபீல்ட்: காரைக்குடிப் பக்கம் படிக்கிறவர்களுக்கு

ஸ்லாஷர் நாவல், அதாவது முகமூடிக் கொலையாளி ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிற கதை என்றதும் ரத்தம், அலறல், முகமூடி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இங்கே நிறைய. ஆடம் செசாரே எழுதி 2020-இல் வந்த இந்த ஆங்கில நாவலில் அந்த மூன்றுமே தாராளமாக உண்டு. ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை இது பிடித்து உட்காரவைப்பது ரத்தத்தால் அல்ல. ஊர்ப் பெரியவர்களுக்குத் தங்கள் மேல் இருக்கிற கோபம் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வியால்தான். திகில் எழுத்துக்குத் தரப்படும் பிராம் ஸ்டோக்கர் விருதை அந்த ஆண்டுக்கு இளையோர் நாவல் பிரிவில் வாங்கிய புத்தகம்.

கதை மிசோரி மாநிலத்தில், கெட்டில் ஸ்பிரிங்ஸ் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. அம்மாவை இழந்த க்வின் மேப்ரூக், டாக்டரான அப்பாவோடு பிலடெல்பியாவிலிருந்து அங்கே குடிவருகிறாள். ஊருக்கே சோறு போட்ட பேபென் சோளப்பாகு ஆலை மூடி, எரிந்தும் போய்விட்டது. அந்த ஆலையின் விளம்பரச் சின்னம்தான் ஃப்ரெண்டோ என்ற கோமாளி. பெரியவர்களுக்கு அவன் பொற்காலத்தின் அடையாளம், பிள்ளைகளுக்கோ கேலிப்பொருள். குறும்பு செய்து வீடியோ எடுத்துப் போடுவதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. ஒரு நாள் ராத்திரி சோளக்காட்டுக்குள் விருந்து வைக்கிறார்கள். அங்கே ஃப்ரெண்டோ வேஷத்தில் கொலை வருகிறது. யார் என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பதைக் கவனமாகப் படிக்கிறவர்கள் விருந்துக்கு முன்பே ஊகித்துவிடலாம். அதனால் சுவை குறையாது.

பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. அங்கே ஆலை போயிற்று. இங்கே பர்மா, மலாயா தொழிலில் வந்த வரவு போயிற்று. முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வளவு (நடுமுற்றம்), மற்ற நாளில் ஒரு காவல்காரர், "அந்தக் காலத்துல இந்தத் தெரு எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று தொடங்குகிற தாத்தா, சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பக் காத்திருக்கிற பேரன் என எல்லாவற்றுக்கும் கெட்டில் ஸ்பிரிங்ஸில் ஒரு ஜோடி உண்டு. நம் பெரியவர்கள் போனைப் பிடுங்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நாவலின் பலம் இடத்தில் இருக்கிறது. நம் கண்மாய்க்கரை சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடினால் முள் கிழிக்கும்; ஓடுகிறவன் எங்கே போகிறான் என்பதும் ஓரளவு தெரியும். மக்காச்சோளம் அப்படியல்ல. அமெரிக்க வயலில் வரிசைக்கு வரிசை இடைவெளி வழக்கமாக 30 அங்குலம், செடி ஆள் உயரத்தைத் தாண்டும். வரிசையோடு பார்த்தால் தூரம் தெரியும். குறுக்கே பார்த்தால் அடுத்த வரிசையில் நிற்கிறவன்கூடத் தெரியமாட்டான். நேராக ஓடினால் முதுகு தெரியும், குறுக்கே ஓடினால் இலை சலசலத்துக் காட்டிக்கொடுக்கும். ஒளிய இடம் ஏராளம், தப்பிக்க இடம் கிடையாது. குறுக்குவில்லை ஆயுதமாக வைத்ததும் நல்ல யோசனை. துப்பாக்கி வெடித்தால் மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் சிதறிவிடும். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அம்பு பாய்ந்தால், பக்கத்தில் இருப்பவனுக்கே புரியச் சில நொடி ஆகும். வாசகனுக்கு முதலில் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத அந்தச் சில நொடிதான் ஸ்லாஷரின் உயிர்.

நம் மாத நாவல் பழக்கத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துப்பறியும் கதையில் பிணம் கிடைத்த பிறகு யார் என்று தேடுகிறோம். இங்கே அடுத்தது யார், எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் கேள்வி. அதனால் களஞ்சியம் எங்கே, சாலை எந்தப் பக்கம் என்று மனசில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டே படிக்க வேண்டும். செசாரே அதற்கான தகவலை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்.

1978-இல் வந்த ஹாலோவீன் படத்துக்குப் பிறகு வரிசையாக வந்த ஸ்லாஷர்களில் ஒரு எழுதப்படாத சட்டம் இருந்தது: ஆட்டம் போடுகிற பிள்ளை சாகும், அடக்கமான பெண் கடைசிவரை பிழைப்பாள். அந்தக் கடைசிப் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று திரைப்பட ஆய்வாளர் கரோல் க்ளோவர் 1987-இல் பெயரே வைத்தார். இந்த நாவல் அந்தச் சட்டத்தை எடுத்து, அதை நம்புகிற மனிதர்கள் கையில் ஆயுதம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறது. க்வின் பிழைக்கப் போராடுவது ஒழுக்கத்துக்குப் பரிசாக அல்ல, தலையைப் பயன்படுத்துவதால். காதல் விவகாரமும் எதிர்பார்த்த திசையில் போகாது.

குறைகளும் உண்டு. கொலை வேகம் பிடிப்பது விருந்து இரவில்தான். அதுவரை பள்ளிக்கூட அரட்டைதான் ஓடுகிறது. கோல், ஜேனட், ரோனி, மேட், டக்கர் என்று மொத்தமாக வந்து நிற்கிறார்கள். யார் யார் என்று பதியாவிட்டால் பிற்பாடு ஒருவர் விழும்போது எதுவும் தோன்றாது, அதோடு பாதி பயம் போய்விடும். பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கோல் ஆலை முதலாளியின் மகன், ரஸ்ட் பக்கத்து வீட்டுப் பையன் என்ற இரண்டை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். முகமூடி கழன்ற பிறகு காரணத்தை வாயால் விளக்குகிற இடம் நீளம். செய்கையே சொல்லிவிட்டதைப் பேச்சு திரும்பச் சொல்கிறது.

ஆங்கிலம் கடினமில்லை. வாக்கியங்கள் சிறியவை, பிளஸ் ஒன் படிக்கிறவர்கள் அகராதியை அதிகம் தேடாமல் படித்துவிடலாம். கொச்சைச் சொற்கள் மட்டும் சில இடங்களில் தடுக்கும். கெட்ட வார்த்தை, குடி, விவரமான காயங்கள் எல்லாம் உண்டு. பதினைந்துக்குக் கீழே வேண்டாம். வாங்கிக் கொடுக்கிற அத்தையோ மாமாவோ ஒரு அத்தியாயம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

தமிழில் இப்படி ஒன்று எழுத நினைக்கிறவர்களுக்கு நம் செட்டிநாட்டு வீடே காத்திருக்கிறது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு தாண்டி அடுத்த தெருவில் திறக்கிற பின்வாசல் வரை நேர்கோட்டில் பார்வை போகும். வளவின் இரு பக்கமும் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்றாகப் பூட்டிய அறைகள். சாவி யாரிடம் என்பதை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் உள்ளே விடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் சாவதற்கு முன் ஒரு ஆசையாவது தெரிந்திருக்க வேண்டும். செல்போனை என்ன செய்வது என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். "சிக்னல் இல்லை" என்று ஒரே வரியில் முடித்தால் இந்தக் காலத்து வாசகன் சிரித்துவிடுவான்.

அடுத்த பாகங்கள் 2022-இலும் 2024-இலும் வந்தன. எலி க்ரெய்க் இயக்கிய படம் 2025-இல் வந்தது. படத்தை முதலில் பார்த்துவிட்டால் கொலையாளி விஷயம் உடைந்துவிடும், ஆகவே புத்தகம் முதலில். முதல் பாகத்தை மட்டும் வாங்கினால் போதும். க்வின்னைப் பிடித்துப்போனால் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.