சாலிட் ஆக்சிலா, டார்ஷன் பாரா: ஹெவி டூட்டி பிக்கப்பின் முன்பக்கம் எங்கே தேய்கிறது?

ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ போகும் ஐ-10 சாலையில் ஒரு பாலம். மணிக்கு 65 மைல் வேகம், பின்னால் காலி டிரெய்லர். பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதுதான் தாமதம், ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. இடமும் வலமுமாக அது அடித்த அடியில் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகூடத் தெரியவில்லை. காலை எடுத்து, வேகம் 40க்கு இறங்கிய பிறகுதான் வண்டி அடங்கியது. இதற்கு அமெரிக்காவில் டெத் வாபிள் என்று பெயர். வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், சொன்னால் அந்தக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சாலிட் ஆக்சில் வண்டி, அதாவது இரு முன்சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டி, என்பது போதும்.

கனமான டிரெய்லர் இழுக்கவென்றே செய்த ஹெவி டூட்டி பிக்கப் பற்றி அன்றுவரை நானும் "ஹெவி டூட்டி என்றால் சாலிட் ஆக்சில்தான்" என்று பேசிக்கொண்டிருந்தவன். வண்டிக்கு அடியில் நாலு ஞாயிற்றுக்கிழமை படுத்து எழுந்த பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் மாறியது. இரண்டு அமைப்பும் தேயத்தான் செய்யும். ஒன்று தேய்ந்தால் ஊரைக் கூட்டும். மற்றது வாயே திறக்காமல் டயரைத் தின்னும். வாங்குபவர் கேட்கவேண்டியது எது உறுதி என்பதல்ல, எந்தத் தேய்மானத்தோடு நம்மால் குடித்தனம் நடத்த முடியும் என்பது.

சந்தையில் மூன்று கட்சிகள், அமைப்பு இரண்டுதான். நான்கு சக்கர இயக்கம் உள்ளவற்றை மட்டும் பார்ப்போம். ஃபோர்டு சூப்பர் டூட்டி (எஃப்-250, எஃப்-350), ராம் 2500, 3500 இவற்றில் முன்னால் ஒரே துண்டாக ஓடும் சாலிட் ஆக்சில், மேலே காயில் ஸ்பிரிங். செவர்லே சில்வராடோ ஹெச்டியும் (ஹெவி டூட்டியின் சுருக்கம்) அதன் உடன்பிறப்பு ஜிஎம்சி சியரா ஹெச்டியும் சக்கரத்துக்குத் தனித்தனி ஆர்ம்களும், காயிலுக்குப் பதில் முறுகி எடை தாங்கும் டார்ஷன் பார் என்ற எஃகுக் கம்பியும் கொண்டவை. இவற்றைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் 1988 வாக்கில் இந்த வழிக்கு வந்தது, இன்றுவரை விடவில்லை.

முதலில் சாலிட் ஆக்சில். காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆனால் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைக்காது. அந்த வேலை டிராக் பாருக்கு. ஒரு முனை வண்டியின் சட்டத்தில் (ஃபிரேம்), மறுமுனை அச்சில். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இன்னொரு கம்பியையும் மெக்கானிக்குகள் டிராக் லிங்க் என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு சொல், தமிழில் எழுதினால் ஒரே டிராக். குழப்பம் வேண்டாம், அதை இங்கே நீளக் கம்பி என்றே சொல்கிறேன். டிராக் பாரும் நீளக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் இருக்கவேண்டும். வண்டியை நாலு அங்குலம் உயர்த்திவிட்டு இந்தச் சாய்வைச் சரிசெய்யாமல் விட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

டிராக் பார் முனையிலுள்ள ரப்பர் புஷ் கொஞ்சம் தளர்ந்தாலும் போதும், அச்சு மொத்தமும் சட்டத்துக்கு அடியில் பக்கவாட்டில் ஆடும். என் வண்டியில் அதுதான். கண்டுபிடிக்க மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. சக்கரம் நான்கும் தரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கரூர்க்காரத் தம்பி ஒருவன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டினான். நான் கீழே டார்ச்சோடு. "இன்னும் ஆட்டவா அண்ணே?" என்று அவன் கேட்டபோதே தெரிந்துவிட்டது. டிராக் பார் போல்ட்டின் தலை அசையவில்லை, ஆனால் அது நுழைந்த பிராக்கெட் நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். ஓரத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. புதுப் புஷ் மட்டும் போட்டிருந்தால் மூன்றே மாதத்தில் பழையபடி ஆகியிருக்கும். பிராக்கெட்டைச் சரிசெய்து, போல்ட்டையும் மாற்றி, வண்டியின் எடை தரையில் இருக்கும்போது இறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அதற்கு முன்பு ஒரு கடையில் "ஸ்டீயரிங் டாம்பரை மாற்றினால் போதும்" என்று அனுப்பியிருந்தார்கள். மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. டாம்பர் என்பது ஒரு சிறிய ஷாக் அப்சார்பர், ஆட்டத்தின் வேகத்தை அடக்கும், அவ்வளவுதான். காரணம் டிராக் பாரிலோ, சக்கரத்தைத் திரும்பவிடும் குண்டு மூட்டான பால் ஜாயிண்டிலோ இருந்தால் காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட கதை. சத்தமாகப் புகார் சொல்கிற வண்டியின் வாயை அடைப்பது மாதிரி என்பதால் எனக்கு அதன்மேல் தனிக் கோபமே உண்டு.

இனி, சாலிட் ஆக்சில் கட்சி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஃபோர்டு சூப்பர் டூட்டி 1999 முதல் 2004 வரை முன்னால் பட்டை ஸ்பிரிங். 2005-ல் காயிலும், அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மும் வந்தன. ஓட்டம் மென்மையானது, வண்டி குறுகலாகத் திரும்பவும் ஆரம்பித்தது. கூடவே அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பொறுப்பு முழுக்க டிராக் பார் தலையில் விழுந்தது. வாபிள் புகார்கள் அதிகம் பேசப்பட்டதும் 2005-க்குப் பிந்தைய வண்டிகளைச் சுற்றித்தான். 2019-ல் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்கே போட்டார்கள்.

ராம் 1994-லேயே காயிலுக்கு வந்துவிட்டது. 1994 முதல் 2002 வரையிலான வண்டிகளில் டிராக் பாரின் சட்டப்பக்க முனை ஒரு பால் ஸ்டட் (குண்டு மூட்டு), அது சீக்கிரம் தளரும். அதைத் தூக்கிவிட்டு, 2003-க்குப் பிந்தைய புஷ் வகை டிராக் பாரைப் பிராக்கெட் வைத்துப் போட்டுக்கொள்வது அந்த வண்டிக்காரர்களிடையே கிட்டத்தட்ட சடங்கு. 2003 முதல் 2008 வரை வேறொரு தலைவலி, ஸ்டீயரிங் கம்பிகளின் அமைப்பு. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து நீளக் கம்பி வலது சக்கரத்துக்குப் போகும். இடது சக்கரத்துக்கான கம்பி அந்த நீளக் கம்பியின் நடுவிலிருந்து கிளம்பும். தலைகீழ் ஒய் வடிவம். பிரேக் அடித்து வண்டி முன்னால் குனியும்போது நீளக் கம்பியின் சாய்வு மாறும், கூடவே இரு சக்கரங்களின் டோவும், அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ நோக்கும் அளவும், மாறும். அலைன்மெண்ட் கடையில் நிறுத்திவைத்து அளந்த எண் ரோட்டில் செல்லாக்காசு. டயர் ஓரம் இறகு இறகாகத் தேய்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்த தலைமுறையில் டி வடிவம் வந்தது: இரு சக்கரத்தையும் ஒரே டை ராட் நேராக இணைக்கும், நீளக் கம்பி அதன் வலது முனையருகே வந்து சேரும். வண்டி குனிந்தாலும் டோ மாறாது. நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கம்பிகளை 2003-2008 வண்டியிலும் அப்படியே போடலாம். பழைய ராம் வாங்குகிறவர் குனிந்து பார்க்கவேண்டிய முதல் விஷயம் இதுதான். 2003-2008 வண்டிகள் டை ராட் கோளாறுக்காக 2013-ல் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வேலை நடந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். திரும்ப அழைப்புகளைச் சரியாக நடத்தவில்லை என்று 2015 ஜூலையில் ராமைச் செய்த ஃபியட் கிறைஸ்லருக்கு 10.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சஸ்பென்ஷன் குறையுள்ள 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வரவேண்டும் என்றும் உத்தரவு. ராமிலும் 3500-ல் 2013-லும் 2500-ல் 2014-லும் ரேடியஸ் ஆர்ம் வந்தது.

பால் ஜாயிண்ட் இரண்டுக்கும் பொதுவான வலி. கம்மின்ஸ் 5.9 டீசல் இன்ஜின் மட்டுமே சுமார் 500 கிலோ. அத்தனையும் முன் அச்சின் மேல், வெளியே தள்ளிய அகல டயர் போட்டால் நெம்புகோல் நீளம் வேறு கூடும். ராமின் ஒரிஜினல் பால் ஜாயிண்டில் கிரீஸ் நிப்பிள் கிடையாது, உள்ளே தண்ணீர் போனால் அதோடு சரி. ஃபோர்டு எஃப்-350-ல் 1991 வரை பால் ஜாயிண்டுக்குப் பதில் கிங் பின் இருந்தது. நம் ஊர் லாரிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும், கிரீஸ் அடித்தால் அது பாட்டுக்கு ஓடும்.

இப்போது டார்ஷன் பார் கட்சி. சில்வராடோ ஹெச்டியை வாபிள் பண்ணவைப்பது கடினம். இரு சக்கரத்தையும் சேர்த்து ஆட்ட ஒரே அச்சு இல்லையே. டிராக் பாரும் இல்லை. நெடுஞ்சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது அதன் அமைதி எனக்குப் பொறாமையாகவே இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் ஸ்டீயரிங் பாக்ஸ் திருப்பும் பிட்மேன் ஆர்ம், எதிர்ப்பக்கம் சும்மா தாங்கி நிற்கும் ஐட்லர் ஆர்ம், இரண்டுக்கும் நடுவே சென்டர் லிங்க், அதிலிருந்து இரு பக்கமும் டை ராட். மூட்டுகளின் எண்ணிக்கை கூட. ஒவ்வொன்றிலும் துளி ஆட்டம் சேர்ந்தால் நேர் ரோட்டில்கூட கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே ஓட்டவேண்டி வரும். முதலில் போவது பெரும்பாலும் ஐட்லர் ஆர்ம். சென்டர் லிங்க்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அந்தப் பக்கம் ஏறி இறங்கினால் விஷயம் முடிந்தது. கிரீஸ் நிப்பிள் இருக்கும் வருடங்களில்கூட அடிக்க மறக்கும் ஆட்கள்தான் அதிகம்.

2001-2010 வண்டிகளில் டை ராட் இன்ஜினின் பலத்துக்கு ஈடு கொடுக்காத மெலிசு. பெரிய டயர், இன்ஜினில் கூடுதல் ட்யூனிங், நான்கு சக்கர இயக்கத்தில் முழு ஆக்சிலேட்டர், மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வளையும். அதனால்தான் அங்கே கனமான டை ராட், ஐட்லர் தாங்கும் பிரேஸ் என்று ஒரு துணைக்கடைத் தொழிலே நடக்கிறது. 2011-ல் முன்பக்கம் புதிதாகச் செய்யப்பட்டது. பனி தள்ளும் பிளேடு மாட்டும் அளவுக்கு, 3500-ல் முன் அச்சின் எடை வரம்பு 6,000 பவுண்டு வரை போனது. வாங்குவதானால் அதற்குப் பிந்தையது.

இந்த வண்டிகளை அதிகம் கெடுப்பது உரிமையாளரின் ஸ்பேனர். முன்பக்கம் தாழ்வாகத் தெரிகிறது என்று டார்ஷன் பாரின் அட்ஜஸ்ட் போல்ட்டை முறுக்கி உயர்த்துவார்கள். செலவில்லாத வேலை. ஆனால் பால் ஜாயிண்டும் சக்கரத்துக்குப் போகும் சிவி ஷாஃப்டும் சாய்வான கோணத்திலேயே சுற்றும். ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும். சக்கர வளைவின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் விற்பவரிடம் வேறு கேள்வியே வேண்டாம்.

சோதிக்கும் முறையும் வேறு. சாலிட் ஆக்சிலில் ஜாக்கியை அச்சுக்கு அடியில் வைத்து, டயருக்குக் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பினால் பால் ஜாயிண்டின் ஆட்டம் தெரியும். டார்ஷன் பார் வண்டியில் ஜாக்கி கீழ் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் இருக்கவேண்டும். சட்டத்தைத் தூக்கினால் மூட்டு இறுகி நின்று ஆட்டத்தை மறைக்கும். அலைன்மெண்டில் மட்டும் டார்ஷன் பாருக்குத் தெளிவான வெற்றி: கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டையும் மேல் ஆர்ம் போல்ட்டில் திருத்தலாம். சாலிட் ஆக்சிலில் கேம்பர் என்பது அச்சு வார்த்தபோதே எழுதிய தலையெழுத்து. மாற்ற ஆஃப்செட் ஸ்லீவோ பால் ஜாயிண்டோ தேடவேண்டும்.

எனக்கு மண்ரோடும் பண்ணையும் உண்டு, கீழே படுத்துப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அதனால் அடுத்ததும் சாலிட் ஆக்சில்தான்: டி வடிவக் கம்பிகள் உள்ள ராம், அல்லது உயர்த்தாமல் வைத்திருக்கும் சூப்பர் டூட்டி. வாரம் ஒரு தடவை தங்கும் வசதியுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு 300 மைல் ஓடுகிற, வண்டிக்கு அடியில் போகவே மாட்டேன் என்கிற நண்பருக்கு 2011-க்குப் பிந்தைய சில்வராடோ ஹெச்டியைத்தான் சொன்னேன். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் முன் டயர் இரண்டின் உள் ஓரத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். போன மாதம் தடவிப் பார்த்திருக்கிறார். ஐட்லர் ஆர்ம் ஆர்டர் போட்டாயிற்று.