பள்ளி நூலகத்தில் கோஹா மென்பொருள்

புத்தகத்தின் பெயரை மறந்து, அட்டையில் யானை இருந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு எந்த மென்பொருளும் உதவாது. அதற்கு நூலகரின் நினைவாற்றலே துணை. மற்ற வேலைகளுக்கு, நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய) நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பட்டைக்குறியீட்டை வருடியதும் இரவல் பதிவாகிவிடுவதால், இடைவேளைக் கூட்டத்திலும் பிள்ளைகளோடு இரண்டு வார்த்தை பேச நேரம் கிடைக்கிறது. ஒரே கதைப்புத்தகத்துக்கு ஐந்து பேர் போட்டியிடும்போது, முன்பதிவு வரிசையைத் திரையில் காட்டினால் சண்டை அடங்கிவிடுகிறது. தாமதக் கட்டணமே இல்லாதபடி அமைக்க முடிவது எனக்கு மிகவும் பிடித்த வசதி. அபராதத்துக்கு அஞ்சி நூலகத்தின் பக்கமே வராதிருந்த சிலர் இப்போது வருகிறார்கள். உரிமக் கட்டணம் இல்லையென்றாலும், லினக்ஸ் இயங்குதளத்தில் கோஹாவை இயக்கும் மையக் கணினியான வழங்கியைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் அவசியம். சில நூறு புத்தகங்களே உள்ள பள்ளிக்குப் பதிவேடே போதும்.