பால்மாடு வாங்கப் போறவங்க கவனம்: மடியைப் பார்த்து விலை பேசாதீங்க

மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் பால்மாடு தேடித் திரியிற ஆக்களுக்காக இதை எழுதுறன். தரகர்ர பேரைப் போடல்ல, காசு விஷயம் இன்னும் பேச்சில கிடக்கு.

விடியக்காலமாத்தான் வரச்சொன்னார். கறுப்பு வெள்ளை, பிரீசியன் இனக் கலப்பு. மடி புடைச்சு, காம்பால பால் தானாச் சொட்டுது. பக்கத்தில இளங்கண்டு ஒண்டு. "தம்பி, ரெண்டாம் ஈத்து. நாளைக்குப் பத்துப் போத்தல் நிண்டு தரும்" எண்டவர், எங்களுக்கு முன்னாலயே கறந்தும் காட்டினார். வாளி நிறைஞ்சுது.

வீட்ட வந்த பிறகு ரெண்டு நேரமும் சேர்த்து நாலு போத்தல் தேறல்ல. முந்தின நாள் பின்னேரம் கறக்காம விட்டுத்தான் அந்த மடியைப் புடைக்க வச்சிருக்கிறாங்க. கண்டு குடிக்கப் போனால் மாடு மணந்து பாக்குது, மறுகா உதைக்குது. அது வேற மாட்டுக் கண்டு! மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பல்லு எட்டும் மாறி, தேஞ்சும் போயிருக்கு. மாட்டுக்கு முதல் சோடிப் பல்லு மாறுறது ரெண்டு வயசளவில, எட்டும் நிறைய நாலஞ்சு வயசாகும். தேஞ்ச பல்லோட ரெண்டாம் ஈத்து எங்க? ஒரு காம்புப் பாலைக் கறுப்புத் துணியில பீச்சிக் காட்டினார், திரிதிரியா விழுந்துது. மடிநோய்.

தரகரிட்டக் கேட்டால், "தீனி காணாது தம்பி, நல்ல மாட்டைக் கெடுத்திட்டீங்க" எண்டு பழியை எங்கட தலையில போடுறார்.

அவர் சொன்ன பத்துப் போத்தலே உண்மையா இருந்தாலும் ஏழரை லீற்றர்தான், போத்தல் எண்டால் 750 மில்லி. பால் எடுக்கிற இடத்தில லீற்றர்க் கணக்கு, அதிலயும் கொழுப்புப் பார்த்துத்தான் விலை.

பிரீசியன் நுவரெலியாக் குளிருக்குச் சரி. எங்கட வெயிலுக்கு நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைக்கும், தீனி எடுக்காது, பாலும் இறங்கும். ரெண்டு மூண்டு மாடு வச்சுப் பிழைக்கிற ஆளுக்கு ஜேர்சிக் கலப்பு இல்லாட்டி சாஹிவால் கலப்புத்தான் தோது. ஜேர்சி சின்ன உடம்பு, தீனிச் செலவு குறைவு, பாலில கொழுப்புக் கூட. சாஹிவால் வெக்கையையும் உண்ணியையும் தாங்கும். நாட்டு மாடு ஒண்டு ரெண்டு போத்தல்தான் தரும், ஆனா வெள்ளாமை வெட்டின வயலில மேஞ்சே சீவிக்கும். தயிர்ச் சட்டி போடுற எண்ணம் இருந்தால் எருமையைப் பாருங்க, அதுக்குக் கிடக்கத் தண்ணி வேணும்.

எதை வாங்கினாலும் பின்னேரம் போய் நிண்டு ஒட்டக் கறக்க வையுங்க. அடுத்த நாள் விடியவும் போய்க் கறந்து அளந்து பாருங்க. அந்தக் கணக்குத்தான் கணக்கு. கண்டை அவிட்டு விட்டு, மாடு நக்குதா எண்டு பாருங்க. சினை எண்டு சொன்னால் வைத்தியர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். சினை கலைஞ்சு கண்டு வீசுற புரூசெல்லோசிஸ் நோய்க்கு இரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, அது பால் வழியா மனிசருக்கும் வரும். மாட்டுச் சீட்டில உள்ள காதுப்பட்டி நம்பரும் காதில உள்ளதும் ஒண்டா எண்டு வாசிச்சுப் பாருங்க.

எங்களுக்கு மாடு காட்டினது ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் பூட்டு, வைத்தியரைக் கூப்பிட வழியில்ல. "பின்னேரம் வேற ஆள் வாங்க வருது, அட்வான்ஸைத் தாங்க" எண்டு வேற அவசரப்படுத்தினார். அப்பிடி யாரும் சொன்னால், மாடு அந்த ஆளுக்கே போகட்டும் எண்டு விட்டிட்டு வாங்க.