செங்கோட்டையில் இரண்டு நாள் தன்வரலாற்றுப் பட்டறை: போய் வந்தவள் சொல்வது

கட்டணம் 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. செங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. வந்தவர்களில் பாதிக்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர்கள்; நானும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான்.

நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கினார்கள். உ.வே.சா. 1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுத ஆரம்பித்து, 1942இல் மறையும்வரை எழுதியும் முடிக்கவில்லை. பிறந்த கதையிலிருந்து தொடங்கினால் உங்களுக்கும் அதே கதிதான், ஏதாவது ஒரு துண்டை எடுங்கள் என்றார் பயிற்றுநர். எல்லோரும் சிரித்தோம். எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் எடுத்த துண்டு அப்பாவின் கைவிளக்கு. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையில், பகவதிபுரம் ஸ்டேஷனில் அப்பா பாயிண்ட்ஸ்மேன், அதாவது ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். திருகினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மாறும் விளக்கு. அப்பா வருவதற்கு முன்பே மண்ணெண்ணெய் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோன செய்தி வந்த அன்று, அந்த விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்பா திண்ணையில் அழுததை எழுதினேன்.

எழுதியதை வீட்டில் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து வர வேண்டும் என்பது முதல் நாள் வீட்டுப்பாடம். புனலூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“பாப்பா, நீ பிறந்ததே 1966இல்தானே? அப்பா அழுததைப் பார்த்தவன் நான். உனக்கு அதைச் சொன்னது அம்மா” என்றான்.

மறுநாள் காலை தாளைக் கிழிக்கப் போனேன். “கிழிக்காதீர்கள் டீச்சர். ‘நான் அப்போது பிறக்கவில்லை’ என்பதையே முதல் வரியாக வையுங்கள்” என்றார் பயிற்றுநர். கொடுத்த பணம் அங்கேயே சரியாகிவிட்டது. திரும்ப எழுதியபோது அப்பா பின்னுக்குப் போய்விட்டார். மழை வரும்போதெல்லாம் அரிசி புடைத்தபடியே அந்தக் கதையைச் சொன்ன அம்மா வந்து உட்கார்ந்துகொண்டாள். அம்மாவைப் பற்றி அதுவரை நான் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை.

குறையும் உண்டு. உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்களை எழுதுவது பற்றிப் பத்தே நிமிடம்தான் பேசினார்கள். பாகப்பிரிவினையில் ஏமாற்றிய சித்தப்பாவை எழுதலாமா என்று தென்காசிக்காரர் ஒருவர் கேட்டார். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதோடு முடித்துவிட்டார்கள். மாற்றினால் மட்டும் ஊருக்குத் தெரியாதா? அவருக்கு இருப்பதே ஒரு சித்தப்பா.

இரண்டாம் நாள் மதியம் முழுக்க வியாபாரம். 100 பிரதி அச்சிட 35,000 ரூபாய் என்று ஒருவர் வந்து விளக்கினார். கூட்டம் கொட்டாவி விட்டது. அவியல் மட்டும் அருமை, தேங்காயெண்ணெய் மணக்க மலையாளக் கைப்பக்குவம்.

சாரல் காலம் முடிந்ததும் அடுத்த பட்டறையாம். மேசை கிடையாது, எழுத அட்டை கொண்டுபோங்கள். இரண்டாம் நாள் சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம்.